கை வந்து சேரும் வேகம்

ஒரு பெட்ஷீட்டுக்கு இரண்டு தடவை என் மனைவியின் விரல் அவன் விரலில் படும். வேலை அப்படி. சூடான ரோலரில் இருந்து துணி வெளியே வரும்போதே ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர வேண்டும். ஒரு உதறு. நீளவாக்கில் இரண்டு மடிப்பு. பிறகு இருவரும் எதிரெதிரே நடந்து வந்து, ஒருவர் கையில் இருப்பதை மற்றவர் கையில் சேர்க்க வேண்டும். கொடுத்தவர் குனிந்து, தொங்குகிற மடிப்பைப் பிடித்து நிமிர்ந்து, மறுபடியும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்குள் ரோலர் அடுத்ததைத் துப்பிவிடும். ரோலருக்கு யார் மேலும் இரக்கம் கிடையாது.

கல்யாணமான புதிதில் இருந்து அவளுக்கு எதிரே நின்றவன் நான். ஆஸ்பத்திரிகளுக்கும் லாட்ஜுகளுக்கும் துணி வெளுக்கிற பெரிய சலவைக்கூடம் எங்களுடையது. எங்களுடையது என்றால், நாங்கள் வேலை பார்க்கிறது. வீட்டில் முகம் கொடுத்துப் பேசாத நாட்களிலும் அங்கே மடிப்பு பிசகியதில்லை. வாய் சண்டையில் இருக்கும், கை சமாதானத்தில் இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை பெட்ஷீட், அத்தனை தடவை விரல் விரலைத் தொடும். அதைப் பெரிதாக நினைத்ததே இல்லை. இன்னொருவன் அந்த இடத்தில் நின்ற பிறகுதான் நினைக்க ஆரம்பித்தேன்.

என் இடது கை சொன்ன பேச்சு கேட்காமல் போனது. வலி கிடையாது, வீக்கம் கிடையாது. தூக்கு என்று நினைப்பேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தூக்கும். சட்டைப் பொத்தான் போடுவதற்குள் டீ ஆறிப்போகும். மடித்த பெட்ஷீட்டுகள் கோணலாக வந்தன. சூப்பர்வைசர் கத்தினார். “என்னய்யா, ரோலர் முன்னாடி நின்னு தவம் பண்றியா? வரம் குடுக்க யாரும் வரமாட்டாங்க, பெட்ஷீட்தான் வரும்!”

என்னை அழுக்குத் துணி பிரிக்கிற அறைக்கு மாற்றினார். என் இடத்துக்கு உலர்த்தும் பகுதியில் இருந்து விசிலைக் கொண்டுவந்தார். அவனுடைய நிஜப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எப்போதும் உதட்டைக் குவித்துச் சீட்டி அடித்துக்கொண்டே இருப்பான், அதனால் விசில். முப்பதைத் தாண்டாத வயது. கை இரண்டும் முழங்கால் வரை நீளம். பெட்ஷீட் மடிக்கவே செய்து அனுப்பியது போல.

என் மனைவி என்னை டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டரம்மா என்னை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், ஒரு காகிதத்தில் ஒரு வரி எழுதச் சொன்னார். மீசை நரைக்கிற வயதில்தான் நான் எழுத்துக் கற்றேன். அதனால் எழுதச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பெருமை வரும். பேனாவை அழுத்திப் பிடித்து என் பெயரையும் என் மனைவி பெயரையும் எழுதினேன். என் பெயர் நன்றாக வந்தது. அவள் பெயருக்கு வருவதற்குள் எழுத்துகள் எறும்பு அளவுக்குச் சுருங்கிவிட்டன. டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டார்.

“உங்க கையில பலம் குறையலை. கையைத் திட்டாதீங்க,” என்றார். “மூளைக்கு உள்ள, அடியில ஒரு இடம் இருக்கு. எப்பக் கிளம்பணும், எவ்வளவு வேகமாப் போகணும்னு முடிவு பண்றதுல அதுக்குத்தான் பெரிய பங்கு. அங்க சுரக்க வேண்டிய ஒண்ணு உங்களுக்குக் கம்மியாகிட்டு வருது. அதனால உத்தரவு தாமதமா வருது. வந்தாலும் சின்னதா வருது.”

“மாத்திரை போட்டா பழையபடி மடிப்பாரா?” என்று என் மனைவி கேட்டாள்.

“கொஞ்சம் தேறும். இன்னொண்ணு, வெளியில இருந்து ஒரு தாளம் கேட்டா சில பேருக்குக் கை கால் சட்டுனு கிளம்பும். அது மூளையில வேற வழியாப் போகுது. முயற்சி பண்ணிப் பாருங்க.”

அத்தோடு விட்டிருந்தால் என் பாடு நிம்மதி. டாக்டரம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆசை அதிகம். நான் எல்லாம் புரிந்தவன் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். “நல்லா இருக்கிறவங்க மூளையும் இப்படி ஒரு கணக்குப் போடும். பிடிச்ச பொருள் எதிர்ல இருந்தா கை கொஞ்சம் வேகமாப் போகும். பிடிக்காததுன்னா மெதுவாப் போகும். அவங்களுக்கே தெரியாது. கண்ணு திரும்புற வேகத்தைக்கூட அளந்து பார்த்திருக்காங்க.”

வீட்டுக்கு வரும் வழியில் மாத்திரை மறந்தது, தாளம் மறந்தது. இது ஒன்றுதான் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. பிடித்ததை நோக்கிக் கை வேகமாகப் போகும். அவர்களுக்கே தெரியாது.

மறுநாளே அளக்க ஆரம்பித்தேன்.

அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு ரோலர் கூடத்தின் வாசலைக் கடக்க வேண்டும். அங்கே வந்ததும் வண்டிச் சக்கரத்தில் ஏதோ சிக்கியது போலக் குனிவேன். குனிந்தபடி அவள் கையைப் பார்ப்பேன். விசில் சீட்டி அடிப்பான். துணி உதறும். அவள் நடந்து போவாள். அவள் கை அவன் கையிடம் போகிற வேகம் இருக்கிறதே, பருந்து இறங்குகிற மாதிரி இருக்கும். என்னோடு மடித்தபோது அப்படிப் போனதா? எவ்வளவு நினைத்துப் பார்த்தும் போனதாக நினைவு இல்லை. என்னிடம் அவள் கை சாவகாசமாகத்தான் வந்திருக்கிறது, பஸ் கிடைத்துவிட்டவள் மாதிரி.

அழுக்குத் துணி அறையில் என்னோடு வேலை பார்ப்பவள் என் மச்சினி, மனைவியின் தங்கை. வாயாடி. “என்ன மாமா, சிசிடிவி வேலை குடுத்திருக்காங்களா உங்களுக்கு? அப்படியே சுவத்துல மாட்டிவிடட்டுமா?”

“அவன் என்னை அண்ணேங்கறான். அப்போ உங்க அக்காவை அண்ணின்னுதானே கூப்பிடணும்? அக்காங்கறானே, அது என்ன கணக்கு?”

“அக்கான்னா அவன் தம்பி ஆச்சு. உங்களுக்கு இன்னொரு மச்சான் கிடைச்சான்னு சந்தோஷப்படுங்க.”

“எனக்கு இருக்கிற சொந்தமே போதும்.”

“தெரியுது, தெரியுது. வயித்துல எரியுற அடுப்பை அணைங்க மாமா, துணி கருகுது.”

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. வீட்டிலும் அளந்தேன். எனக்கு டீ டம்ளரை நீட்டுகிற வேகம், போன் அடித்தால் எடுக்கிற வேகம், நான் கதவைத் தட்டினால் தாழ்ப்பாளுக்குக் கை போகிற வேகம். பக்கத்து வீட்டுப் பூனையைத் தூக்க அவள் கை நீண்ட வேகத்தைப் பார்த்தபோது, இந்த வீட்டில் நான் பூனைக்கும் பின்னால்தான் என்று தெரிந்தது.

கொஞ்ச நாளில் இன்னொரு கேவலம் சேர்ந்துகொண்டது. ரோலர் கூடத்து வாசலில் ஒரு இரும்புப் பட்டை தரையோடு பதித்திருக்கும். ஒரு நாள் வண்டியோடு அங்கே வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். தரை காலைப் பிடித்து இழுத்துக்கொண்ட மாதிரி. போ, போ என்று மனசு கத்துகிறது, கால் அசையவில்லை. பின்னால் மச்சினி கூப்பிடுகிறாள், சூப்பர்வைசர் என்ன என்ன என்கிறார். அப்போது உள்ளே விசில் ஒரு பாட்டை எடுத்தான். குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சீட்டி. என் வலது கால் கிளம்பியது. இடது கால் அதன் பின்னால் போனது. அவன் சீட்டிக்குத் தக்கபடி நான் பட்டையைத் தாண்டி, வண்டியைத் தள்ளிக்கொண்டு, ஜம்மென்று நடந்து போனேன்.

“மாமா! நாங்க கூப்பிட்டா நிக்கிறீங்க, அவன் சீட்டி அடிச்சா நடக்கிறீங்களே!” என்று மச்சினி கை தட்டினாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் மனைவியின் கையை எடுத்துக்கொண்டான், சரி. இப்போது என் காலும் அவன் சொன்னபடி போகிறது.

அன்று மத்தியானமே சூப்பர்வைசரிடம் போனேன். “சார், அந்தச் சீட்டிச் சத்தத்துல மிஷின் சத்தம் மாறினாக்கூடக் காதுல விழாது. கை கிய் மாட்டிக்கிச்சுன்னா நாளைக்கு யார் பதில் சொல்றது?” என்றேன். பொறுப்பான ஆள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே. சாயங்காலத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. ரோலர் பக்கம் சீட்டி கூடாது.

மறுநாள் கூடம் அமைதியாக இருந்தது. ரோலரின் உறுமல் மட்டும். விசில் வாயை மூடிக்கொண்டு வாடிய முகத்தோடு நின்றான். வாசலில் என் கால் இரண்டு முறை நின்றது. மச்சினி தள்ளிவிட வேண்டியிருந்தது. பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

ஆனால் கோணல் பெட்ஷீட்டுகள் வர ஆரம்பித்தன. முதலில் ஒன்று இரண்டு, அப்புறம் குவியலாக. சூப்பர்வைசர் என் மனைவி காதுபடவே சொன்னார். “அந்த அம்மாவுக்கும் புருஷன் வியாதி ஒட்டிக்கிச்சா? இந்த வாரம் பார்ப்பேன். சரியாகலைன்னா ஈரத்துணிப் பக்கம் அனுப்பிடுவேன்.”

ஈரத்துணிப் பக்கம் என்றால் மிஷினுக்குள் பாதி உடம்பை நுழைத்து, முறுக்கிக்கொண்டு கிடக்கிற துணியை இழுத்துப் போட வேண்டும். ஏற்கெனவே தோள்பட்டை இறங்கியவள் அவள். அங்கே போன பெண்கள் யாரும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டியதில்லை.

அன்று வீட்டில் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“அவன்கிட்டப் போறப்ப உன் கை பறக்குது. எனக்கு டீ குடுக்கறப்ப மட்டும் ஊர்ந்து வருது.”

அவள் டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “யோவ், கொதிக்கிற டீயை ஓடி வந்து உன் மடியிலயா கொட்டச் சொல்ற?”

“டாக்டரம்மா சொன்னாங்கல்ல. பிடிச்சதை நோக்கிக் கை வேகமாப் போகும்னு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. “இத்தனை நாளா இதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தியா? தோளு விட்டுப்போகுது எனக்கு. அந்த ரோலர் மேல எனக்கு ஆசை, அதான் ஓடுறேன். போதுமா?” உள்ளே போய்விட்டாள். டீ ஆறும்வரை நான் குடிக்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் விசில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இவ்வளவு பக்கத்தில் அவனைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ரோலர் சூட்டில் கைவிரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க.”

“கேளு.”

“அக்காவோட நீங்க எப்படிண்ணே மடிச்சீங்க? அவங்க கை பாதியில நிக்குதுண்ணே.”

“நிக்குதுன்னா?”

“நடந்து வராங்க. கை வருது. என் கைக்கு ஒரு சாண் இருக்கறப்ப ஒரு நிமிஷம்... நிமிஷம்கூட இல்லை, கண்ணு மூடித் திறக்கிற நேரம். அப்படியே நிக்குது. அப்புறம் வருது. அந்த நேரத்துல துணி தொய்யுது, நான் போய் முட்டுறேன், மடிப்பு கோணிக்குது. ஒரு தடவை ரெண்டு தடவை இல்லை, ஒவ்வொரு பெட்ஷீட்டுக்கும். சீட்டி அடிச்சுக்கிட்டு இருந்த வரைக்கும் இது இல்லை. சீட்டிக்குத் தக்கன வந்துடுவாங்க. நிறுத்தின பிறகுதான் நிக்குது. கேட்டா, நான் எங்கடா நிக்கிறேன்னு என்னையே திட்டுறாங்க.”

கையில் எடுத்த கவளத்தைத் திரும்ப வைத்தேன்.

அவனுக்கு விளங்காதது எனக்கு விளங்கியது. அந்த ஒரு சாண் தூரத்தில் அவள் கை யாருக்காக நிற்கிறது? என் கைக்காக. என் கை தாமதிக்க ஆரம்பித்தது டாக்டரிடம் போனபோது இல்லை. அதற்கு எத்தனையோ காலம் முன்பே, எனக்கே தெரியாமல், கொஞ்சம் கொஞ்சமாக. நான் அறிவதற்கு முன்னால் அவள் கை அறிந்திருக்கிறது. இவன் கை இந்த நேரத்துக்குத்தான் வரும் என்று அவள் மூளை ஒரு கணக்கை எழுதி வைத்துக்கொண்டு, அங்கே நின்று, நான் வந்ததும் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் எங்கள் மடிப்பு அத்தனை நாள் கோணவில்லை. பஸ் கிடைத்துவிட்டவள் மாதிரி என்று நினைத்தேனே, அவள் பஸ்ஸை எனக்காக நிறுத்தி வைத்திருக்கிறாள்.

“என்னண்ணே, சாப்பிடலையா?”

“போகப் போகச் சரியாயிடும்,” என்றேன்.

அன்று மத்தியானம் முழுவதும் வாசலில் நின்று பார்த்தேன். சக்கரத்தைக் காட்டிக் குனியக்கூட இல்லை. அவன் சொன்னது நிஜம். அவள் கை வரும், ஒரு சாண் தூரத்தில் நிற்கும், பிறகு போகும். இத்தனை நாள் சீட்டிச் சத்தம் அதை மூடி வைத்திருந்தது. ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் எனக்குள் ஏதோ குளிர்ந்தது. அவன் எதிரே நிற்கிறான், நீளக் கையோடு, இளம் வயதோடு. அவள் கை என்னவோ எனக்காக நிற்கிறது. நின்னுக்கோ, இன்னும் கொஞ்சம் நின்னுக்கோ என்று சொல்லிக்கொண்டேன். அடுக்கில் கோணல் துணி ஏறிக்கொண்டே போனது. ஈரத்துணிப் பக்கத்தைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். ஒரு மத்தியானம் முழுக்க அதைக்கூட என்னால் செய்ய முடிந்தது, அவ்வளவு பொறாமை.

வேலை முடிகிற சமயம் சூப்பர்வைசர் அந்த அடுக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் போனார். கத்துகிற மனிதர் கத்தாமல் போனது எனக்குப் பயத்தைக் கொடுத்தது. என் மனைவி வலது கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் பின்னாலேயே போனேன். போனேன் என்றால், மச்சினி ஒரு தள்ளு தள்ளிய பிறகு போனேன்.

“சார், அந்தச் சீட்டி விஷயம். அடிக்கட்டும் சார்.”

“யோவ், நீதானே கை மாட்டிக்கும்னு சொன்ன?”

“சும்மா சொன்னேன் சார்.”

“எதுக்குச் சும்மா சொன்ன?”

“எனக்கு அந்தப் பாட்டுப் பிடிக்கலை சார்,” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இந்த இடத்துல எனக்குன்னு வந்து சேர்ந்திருக்கு பாரு,” என்று கையை வீசினார். அது சரி என்கிற கைவீச்சுதான்.

விசிலிடமும் நானே போய்ச் சொன்னேன். “நாளையில இருந்து அடி. வேகமான பாட்டா எடு. அக்கா கை வந்துடும்.” அவன் அதே இடத்தில் நின்று, சந்தோஷத்தில் ஒரு சீட்டி அடித்தான். என் இடது கட்டைவிரல் துடித்தது. கையைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன்.

வாரக் கடைசிக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. அடுக்கு நேராக நின்றது, ஈரத்துணிப் பேச்சு அடங்கியது. நான் வாசலில் நின்று பார்த்தேன். சீட்டி நடுநடுவே நின்றுபோகும். மனிதன் மூச்சு விட வேண்டுமே. அந்த இடைவெளிகளில் அவள் கையைக் கவனித்தேன். முதலில் கொஞ்சம் நின்றது. பிறகு நின்ற மாதிரி இருந்தது. பிறகு நிற்கவே இல்லை. நேராகப் போய் அவன் கையில் சேர்ந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் கேட்டேன். “இப்போ நிறுத்தாமப் போறியே, எப்படி?”

“எதை நிறுத்தாம?”

“கையை. முன்னாடி பாதியில நிறுத்துவியே.”

“அந்தப் பையனும் இதையேதான் உளறினான். நான் எங்கே நிறுத்தினேன்?”

அவளுக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது. விசில் சொன்னதை நான் சொன்னேன், நான் கண்டதையும் சொன்னேன். நம்பாமல் முகத்தைச் சுருக்கினாள். பிறகு கொடியில் இருந்து எங்கள் வீட்டுப் போர்வையை உருவிக்கொண்டு வந்து, இரண்டு முனையை என் கையில் திணித்தாள். “வா, மடிச்சுப் பாத்துடலாம்.”

உதறினோம். நீளவாக்கில் மடித்தோம். எதிரெதிரே நடந்தோம். அவள் கை வந்தது, புது வேகத்தில், நிற்காமல். என் கை இருக்க வேண்டிய இடத்தில் என் கை இல்லை. அவள் விரல்கள் வெறும் காற்றில் போய் நின்றன. என் கை பாதி வழியில் யோசித்துக்கொண்டிருந்தது.

அவள் அந்தக் காலி இடத்தையே பார்த்தாள். “ஓ” என்றாள். தான் எதை வைத்திருந்தாள், எது போய்விட்டது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுபடி மடித்தோம். இந்தத் தடவை ஒரு சாண் தூரத்தில் நின்றாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, தெரிந்தே நின்றாள். எனக்குப் பிடிக்கவில்லை. தெரியாமல் நின்ற கை வேறு, இது வேறு. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு வழி விடுவது போல இருந்தது.

“நிக்காத,” என்றேன். “வேணும்னா சீட்டி அடி.”

“எனக்கு எங்கேய்யா சீட்டி வரும்?” உதட்டைக் குவித்து ஊதிப் பார்த்தாள். வெறும் காற்றுத்தான் வந்தது. கன்னம் உப்பியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. “சிரிக்காத. இரு.” போர்வையை விரித்து உதறினாள். நடந்தாள். “ம்” என்றாள். அடுத்த எட்டுக்கு இன்னொரு “ம்.” என்னைத் திட்டுவதற்கு முன்னால் அவள் போடுகிற அதே “ம்.”

மூன்றாவது “ம்”முக்கு என் கை கிளம்பியது. யோசிக்காமல் கிளம்பி, அவள் விரல்களில் போய் இடித்தது.

“பாத்தியா!” என்றாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. “எப்படி, அந்த விசில் பையன் சீட்டிக்கு வந்ததைவிட வேகமா வந்துச்சா இல்லையா? நீதான் பெரிய அளக்கிற ஆளாச்சே, சொல்லு.”

அளந்துதான் இருந்தேன். பழகிப்போன புத்தி, விட்டுவிடுமா? அவன் சீட்டிக்கு என் கால் போன வேகம் இன்னும் கொஞ்சம் அதிகம்தான்.

“ரொம்ப வேகம்,” என்றேன். “அவன் கிட்டக்கூட வரமுடியாது.”

“ம்” என்று அடுத்த மடிப்புக்குக் குனிந்தாள்.